தூங்கிய புழுக்களுக்குப் போட்ட ஊசி

"நிஜமாவா அக்கா?"

பட்டுப்புழு வளர்ப்பறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா இலை நறுக்குவதை நிறுத்தவில்லை. "பின்னே? மருந்து போடற அன்னைக்கு உங்க சீனியர், நீங்க 'அவசரம்'னு கூப்பிடுவீங்களே, அவர் வந்து மூணாம் தட்டுலேர்ந்து பட்டுப்புழுவை அள்ளினாரு. எல்லாம் தோலுரிக்கறதுக்காக, தலையைத் தூக்கிட்டுத் தூங்கற புழு. ஏன் சார்னு கேட்டேன். தின்னுட்டிருக்கற புழு நெளியுதாம், ஊசி இறங்கலையாம்!"

"ஒப்பிட்டுப் பார்க்க நான் மருந்தில்லாத வெறும் கரைசல் போட்டேனே, அது?"

"நீ எடுத்தது இலை தின்னுட்டிருந்த புழும்மா."

ஆராய்ச்சி மாணவிக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சியே, இந்த இரண்டு வகைப் புழுவையும் ஒப்பிட்ட ஒரே ஒரு சோதனைப் படத்தில்தான் நின்றது. செல்லுக்குள் புரதம் கட்ட உதவும் டி.ஆர்.என்.ஏ. மூலக்கூறு முதலில் நீளமாகப் பிறக்கும். இரு முனையையும் நறுக்கினால்தான் வேலைக்கு ஆகும். அவளுடைய மருந்து, ஆர்.என்.ஏ. எழுத்துபோல வேஷம் கட்டிய போலி எழுத்து. அது புகுந்தால் பட்டுச் சுரப்பியில் நறுக்கும் வேலை நின்றுவிடுகிறது என்று படம் காட்டியது. ஆனால் தோலுரிக்கும் சமயத்தில் சுரப்பியே பாதி தூங்குமே! அப்படியானால் நறுக்காமல் விட்டது மருந்தா, தூக்கமா?

கட்டுரை இன்று மாலை நாலு மணிக்கு ஆய்விதழுக்குப் போகிறது. போனால் இந்த மாதமே பட்டத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். போகாவிட்டால் இன்னும் ஒரு வருடம்.

விறுவிறுவென்று மாடியேறினாள். சீனியர் அவசரம் அவர்களுடைய வழிகாட்டிப் பேராசிரியை எதிரில் உட்கார்ந்து படத்துக்கு அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தான்.

"மருந்து போட்ட புழு தின்னுச்சா, தூங்குச்சா?"

"தின்னுச்சு. ஏன்?"

"கண்ணைப் பார்த்துச் சொல்லு."

"ஆமா, புழுகிட்ட சாப்டியான்னு கேட்டுட்டா ஊசி போடுவாங்க?" என்று இளித்தான். பேராசிரியை சிரிக்கவில்லை. கீழே போன் போட்டு, அக்காவைத் தட்டுக் குறிப்போடு வரச் சொன்னார்.

அக்கா நோட்டை மேசையில் விரித்தாள். மூணாம் தட்டு, காலை ஒன்பது மணி, புழு தூக்கம், தீனி நிறுத்தம். ஊசி போட்டது அதே நாள் பதினொன்றுக்கு.

அவசரத்தின் முகம் தொங்கிப்போனது. "மேடம், படம் இவ்வளவு பளிச்சுனு வந்திருக்கு. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுது!" அவள் மேசையில் அறைந்தாள். "கட்டுரையில முதல் பேர் என்னோடது. நாளைக்கு எவனாவது திங்கற புழுவுல செஞ்சு பார்த்து ஒண்ணும் வரலைன்னா, காறித் துப்பறது என் மூஞ்சியில. நீ ஊசி ஒழுங்கா இறங்கணும்னு பார்த்தே. என் மூணு வருஷத்தைக் குத்திட்டுப் போயிட்டே!"

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "இதை நிறுத்தினா உன் பட்டம் தள்ளிப் போகும். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். அதனாலதான் கத்தறேன்." குரல் உடைந்தது, அதற்கும் சேர்த்து அவளுக்குக் கோபம் வந்தது. "நான் கரைசல் போட்ட அன்னைக்கே இவன் மருந்தை எந்தப் புழுவுல போட்டான்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. அந்த முட்டாள்தனம் என்னோடது."

பேராசிரியை திரையில் இருந்த கட்டுரையை மூடினார். அனுப்பவில்லை.

அவள் தட்டுக் குறிப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பின்னாலேயே அவசரம் வந்தான். "சாரி, நான் வேணும்னா..."

"நீ வாயைத் திறக்காதே. அக்கா, அடுத்த முட்டை எப்ப பொரியும்?"

"வியாழக்கிழமை."

"ஊசி மொத்தமும் நானே போடறேன்," என்றாள். "மருந்தும் வெறும் கரைசலும், ரெண்டு பக்கமும் திங்கற புழுவுலதான்."