பத்தின் தலைமேல் ஐந்து

அக்கா அவனுக்கு வைத்த பெயர் யானை. லாரி ஓட்டுகிறவன், சீட் நிறைய உட்காருவான். "உன் உடம்புல எதுக்குப் பஞ்சம் வந்தாலும் ரத்தத்துக்கு வராதுடா" என்று அவள் கேலி செய்வாள். அந்த வாய்முகூர்த்தமாவது பலித்திருக்கலாம்.

அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய். பொருந்தியது இவன் ஒருவனுடைய ஸ்டெம் செல்தான். அதற்கு இடம் விட, அவளுடைய சொந்த எலும்பு மஜ்ஜையை மருந்தால் ஏற்கெனவே அடியோடு அழித்தாகிவிட்டது. இனி தம்பியின் செல் போதுமான அளவு உள்ளே போனால்தான் உயிர். காலையிலிருந்து இரண்டு கையிலும் ஊசியோடு, ரத்தத்திலிருந்து செல்லைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் மரக்கட்டையாகக் கிடந்தான். மூக்கு அரித்தபோதுகூடச் சொறிந்துகொள்ள முடியவில்லை.

அக்காவின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது ரெண்டு வேண்டும் என்று டாக்டர் சொன்னது மட்டும் அவன் மண்டையில் நின்றிருந்தது. ரெண்டுக்குப் பின்னால் அவர் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. ஊசியைக் கழற்றிய பிறகு, சாயங்காலம், நர்ஸின் கம்ப்யூட்டரில் முடிவு வந்தது: 2.1 × 10⁵. எட்டிப் பார்த்தவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அங்கேயே போனைப் போட்டான்.

"அக்கா! கேட்டது ரெண்டு, வந்திருக்கறது ரெண்டு புள்ளி ஒண்ணு! யானை ரத்தம்னா சும்மாவா?"

பல வாரங்களுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் கணக்கு டீச்சர் ஆயிற்றே.

"பத்துக்கு மேல குட்டியா ஒரு எண் இருக்குமே, அது என்னடா?"

"அஞ்சு. பொடி எழுத்து, கண்ணுக்கே தெரியல. அதை விடுக்கா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தான்.

"அக்கா?"

"இருக்கேன்டா. போதும், ரொம்ப நல்லா வந்திருக்கு. நீ முதல்ல போய்ச் சாப்பிடு."

போனை வைத்ததும் நர்ஸ் தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அண்ணா, அந்தப் பொடி எண்தான் விஷயமே. அது ஆறா இருக்கணும்."

"ஒண்ணுதானே குறையுது? நாளைக்கு இன்னொரு தடவை படுத்துக்கறேன்."

"ஒண்ணு குறைஞ்சா பத்துல ஒரு பங்குண்ணா. வேண்டியது இருபது லட்சம். வந்திருக்கறது ரெண்டு லட்சம் சொச்சம். நாளைக்கும் எடுப்போம். ஆனா இன்னிக்கு வந்ததைவிட அதிகமா வராது."

இருபது லட்சம், ரெண்டு லட்சம் என்று நாலு பேருக்குப் புரிகிற மாதிரி எழுதித் தொலைத்தால் என்ன கேடு வந்துவிடும்? அவன் சுவரில் சாய்ந்தான். இத்தனை பெரிய உடம்பில் அக்காவுக்குக் கொடுக்கச் சரக்கு இல்லை. அந்த வெட்கமே ஆளைத் தின்றது. அதைவிடப் பெரிய இடி ஒரு நிமிஷம் கழித்து விழுந்தது. அந்த ஐந்தை அவள் காதில் போட்டது அவனேதான். அவ்வளவு குஷியாக, கூவிக் கூவிப் போட்டிருக்கிறான்.

அக்காவைத் தனியாக வைத்திருந்த கண்ணாடி அறைக்கு வெளியே போய் நின்றான். மொட்டைத் தலையோடு அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்து வீங்கியிருந்தது. அவனைப் பார்த்ததும் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

அவனும் இரண்டு விரலைத் தூக்கினான்.