பன்னிரண்டு தப்படி

முஷ்டியை மடக்கிக் கையை உயர்த்தி, முதல் பேஸ் அம்பயரான அவர் "அவுட்" என்று கத்தியதோடு ஆட்டம் முடிந்தது. ஒரே ஒரு ரன்னில் தையல்காரிகளின் அணி தோற்றது. அந்த அவுட்டால் தன் ரன் செல்லாமல் போனது தெரியாமல், மூன்றாவது பேஸிலிருந்து ஓடிவந்தவள் சமன் செய்துவிட்ட சந்தோஷத்தில் கட்டிப்பிடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தாள். பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடியவள், முப்பதைத் தாண்டிய மெலிந்த பெண், அவருடைய கையைப் பார்த்துவிட்டு அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

சாஃப்ட்பாலில், பந்தை அடித்தவள் ஓடிப்போய் மிதிக்க வேண்டிய முதல் பேஸைப் பார்க்கும் அம்பயருக்குக் கண்ணுக்கு ஒரு வேலை, காதுக்கு ஒரு வேலை. பந்து வரும் திசைக்குக் குறுக்கே, பேஸிலிருந்து ஆறு தப்படி தள்ளி நிற்க வேண்டும். பந்தை எறிந்ததும் கண் பேஸை விட்டு நகரக்கூடாது. கால் படுவதைக் கண் பார்க்கும். பந்து கையுறையில் விழும் 'பொத்' சத்தத்தைக் காது பிடிக்கும். கால் முந்தினால் பிழைத்தாள், பந்து முந்தினால் அவுட். இருபது வருடமாக அவர் அப்படித்தான் நின்றார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த 'பொத்' மங்க ஆரம்பித்தது. போன மழைக்காலத்தோடு சுத்தமாக நின்றுபோனது. ஆட்கள் பேசினால் கேட்கிறது, கூச்சல் கேட்கிறது, அது மட்டும் கேட்பதில்லை. மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. வார நாட்களில் மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிற மனிதர் அவர். அங்கே அவர் வாயைத் திறந்தால் கேட்க ஒரு நாதியில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பதினெட்டுப் பேர் அவருடைய கை எந்தப் பக்கம் போகும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதையும் விட்டுவிட்டு என்ன செய்வது?

ஆகவே பின்னால் போனார். பன்னிரண்டு தப்படி தள்ளி நின்றால் காலும் கையுறையும் ஒரே பார்வைக்குள் அடங்கும், காதே வேண்டாம். பத்தில் ஒன்பது தடவை பிழைத்துக்கொள்ளலாம். அவ்வளவு தூரத்திலிருந்து, காலுக்கும் பேஸுக்கும் நடுவே விரல்கடை இடைவெளி இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியாது. இன்று நடந்தது அந்தப் பத்தாவது.

தையல்காரிகளின் கோச் வந்து, "சார், தட்டுக்குப் பின்னாடி நிக்கிறவர ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள். பந்தை அடிக்கும் இடத்துக்குப் பின்னால் நின்ற தலைமை அம்பயர் அவருடைய மச்சினன்தான், மனைவியின் தம்பி. இவர் கேட்காமல் அவன் வாயைத் திறக்கக்கூடாது என்பது விதி. கேட்டால், அவ்வளவு பின்னால் ஏன் நின்றீர்கள் என்ற கேள்வி வரும். "தேவையில்லம்மா. நல்லாப் பாத்துட்டேன்" என்றார். மச்சினன் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இவரையே பார்த்தபடி நின்றான்.

உடை மாற்றும் அறையில் அவன் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினான்.

"அத்தான், அவ கால் முன்னாடியே பட்டுருச்சு."

அவர் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கேட்டிருந்தா சொல்லிருப்பேன். எதுக்கு அவ்ளோ பின்னாடி போய் நின்னீங்க?"

சொல்லிவிடலாம் என்றுதான் தலையை நிமிர்த்தினார். அதற்குள் கதவைத் தட்டிவிட்டு அந்தப் பெண் வந்து நின்றாள். அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து அவர் எழுந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. என்னாலதான் தோத்தோம்னு எல்லாரும் பேசாமப் போயிட்டாங்க. நான் எதுல பிந்தினேன்னு மட்டும் சொல்லுங்க சார். திருத்திக்கிறேன். நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்னு கோச்சும் சொன்னாங்க."

நீ பிந்தவில்லை அம்மா, மூன்றே சொல். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவர் காதில் விழுந்ததோ வேறு வார்த்தைகள், அதுவும் அவருடைய சொந்தக் குரலிலேயே.

"கடைசில எட்டு நீட்டிப் போட்டே. அதான் வேகம் செத்துப்போச்சு. சின்னச் சின்ன எட்டா வைக்கணும்."

அவள் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "ரொம்ப நன்றி சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மச்சினன் முகமூடியைப் பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தான். இருவரும் ஒரே வண்டியில் வந்தவர்கள். "நான் பஸ்ல போய்க்கிறேன், அத்தான்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியேறினான்.

அவர் வெகுநேரம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வெளியே வந்தபோது மைதான ஆட்கள் பேஸ்களைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். முதல் பேஸ் இருந்த குழியின்மேல் யாரோ ஒரு துண்டை மடித்துப் போட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். அறைக்கு வந்துபோன அந்தப் பெண், பந்தை அடிக்கும் இடத்திலிருந்து துண்டை நோக்கி ஓடினாள். பாதி தூரம் காற்றாக வந்தாள். துண்டு நெருங்கியதும் எட்டுகளைச் சுருக்கினாள். கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, வேகம் அறுந்து தடுமாறி மிதித்தாள். தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி நடந்தாள். மறுபடி ஓடிவந்தாள், இன்னும் சின்ன எட்டுகளாக, இன்னும் மெதுவாக.