சபுராவின் பெயரில்

மறுத்துச் சொல்வதற்கு மீரான் மைதீன் ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். 'பையனோட அம்மா தாங்கமாட்டா.' சிவகாசியில் காரை எடுக்கும்போதே அது நாக்கில் இருந்தது. சாத்தூர் தாண்டி, எட்டயபுரம் தாண்டி, தூத்துக்குடியின் உப்பளங்கள் வரத் தொடங்கியபோதும் அதை உள்ளுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். குறை சொல்ல முடியாத வாக்கியம். ஒரு தாயின் பெயரில் வரும் மறுப்பை யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

பக்கத்தில் சபுரா பேசாமல் வந்தாள். இந்தப் பேச்சு எடுத்ததிலிருந்தே அவள் அதிகம் பேசவில்லை. அந்த மௌனத்தை அவர் துயரம் என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர்களுடைய ஒரே மகன் முகம்மது ரியாஸ், காயல்பட்டினத்துப் பெண் மஹ்ரீனைக் கட்டிக்கொள்ள விரும்பினான். திருநெல்வேலியில் ஒன்றாகப் படித்தவர்கள். இரண்டு வீட்டிலும் பெண்ணையோ பையனையோ குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு விஷயம்தான் இடித்தது. அந்த ஊரில் கல்யாணம் ஆனாலும் பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். ரியாஸ் வாரத்தில் பாதி நாள் சிவகாசிக்கு வந்து தங்கள் காலண்டர் கம்பெனியைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அவன் வீடு காயலில்தான். பெருநாள் காலையில் அவன் அங்கேதான் குளித்துப் புதுச்சட்டை போடுவான். தன் வீட்டுக்கு வரும்போது விருந்தாளியாக வருவான். மீரான் மைதீனால் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

பெண்ணின் அப்பா நிஜாம்தான் போனில் அழைத்தார். "பொங்கலோட உங்க காலண்டர் சீசனும் முடிஞ்சிருக்கும். சனி, ஞாயிறு வந்து எங்ககூடத் தங்குங்க. கடலைப் பாருங்க. ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட்டுட்டு உங்க முடிவைச் சொல்லுங்க. எதுவானாலும் எனக்கு வருத்தமில்ல."

கிளம்பும்போது ரியாஸ் கார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "பாத்துப் பேசுங்க அத்தா" என்று மட்டும் சொன்னான்.

காயலில் தெருக்கள் ஒடுங்கியவை. வீடுகளின் பின்பக்கத்தை ஒட்டி, பெண்கள் மட்டும் நடமாடும் சந்துகள் ஓடின. வெளித்தெருவுக்கு வராமலே ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விடலாம். நிஜாமின் மனைவி முஹ்சினா சபுராவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். மீரான் மைதீன் கொண்டுவந்த காலண்டரை நிஜாமிடம் கொடுத்தார்.

"ஏற்கெனவே நாலு சிவகாசிக் காலண்டர் தொங்குது. நாள் மட்டும் ஒண்ணுதான் போகுது" என்று நிஜாம் சிரித்தார். பிறகு தண்ணீர் கொடுக்க எழுந்தவர் சொம்பைக் காணாமல் தேடினார்.

"ஜன்னல்ல இருக்கு" என்று உள்ளேயிருந்து முஹ்சினாவின் குரல் வந்தது. "இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து தேடிக்கிட்டுதான் இருக்கீங்க."

"கேட்டுக்கிட்டீங்களா சம்பந்தி? நான் வந்தவன். எது எங்க இருக்குன்னு இன்னும் தெரியாது."

'சம்பந்தி' என்ற சொல் மீரான் மைதீனைச் சங்கடப்படுத்தியது. தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார்.

சாயங்காலம் நால்வரும் கடற்கரைக்குப் போனார்கள். அகலமான மணல். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். கடல் இருட்டும்வரை நிறம் மாறிக்கொண்டே இருந்தது. இத்தனை அழகான இடத்துக்கு ஒரு மறுப்பைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறோமே என்று அவருக்குத் தோன்றியது. சபுரா செருப்பைக் கழற்றிவிட்டு, மணலுக்குள் பாதங்களைப் புதைத்து, கொஞ்ச நேரம் முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தாள்.

"கொண்டல் எறங்கிருச்சு" என்றாள், யாரிடமென்று இல்லாமல்.

"எது?"

"கெழக்குக் காத்து. வேகம் அடங்கிருச்சு. இனி வள்ளமெல்லாம் லேசாப் போகும்."

முஹ்சினா ஆமாம் என்று தலையசைத்தாள். மீரான் மைதீன் மனைவியைப் பார்த்தார். அவள் கீழக்கரைக்காரி என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதில்லை. சிவகாசியில் அடிக்கும் காற்றுக்கு அவள் பெயர் சொன்னதே இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது, பெண்கள் இருந்த பக்கத்துத் திரை சற்று விலக, சபுராவைப் பார்த்தார். மஹ்ரீனோடு பேசிக்கொண்டே, கண்ணால் பார்க்காமல், விரலாலேயே மீனின் முள்ளைப் பிரித்து ஓரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு அவர் வந்தபோது சபுரா வீட்டில் இல்லை.

"கடற்கரைக்குப் போயிருக்காங்க" என்றாள் முஹ்சினா. "சந்து வழியா. நான் வழி சொல்ல வந்தேன், அதுக்குள்ள அவங்களே போயிட்டாங்க."

சபுரா அலை தொட்டுப் போகும் இடத்தில், சேலை நனைவதைப் பொருட்படுத்தாமல் நின்றிருந்தாள். சூரியன் இன்னும் எழவில்லை. தூரத்தில் இரண்டு படகுகள் கறுப்பாகத் தெரிந்தன. அவர் பக்கத்தில் போய் நின்றார்.  சூரியன் வந்து, தண்ணீர் சிவந்து, மெல்ல வெளுத்தது.

"மதியம் நான் சொல்லிருதேன்" என்றார் அவர். "நீ கவலப்படாத."

"என்ன சொல்லப் போறீக?"

"நீ தாங்கமாட்டேன்னு."

சபுரா திரும்பவில்லை. ஒரு அலை வந்து, அவர்கள் காலடி மணலை இழுத்துக்கொண்டு போனது.

"நான் அப்பிடிச் சொன்னேனா?"

"சொல்லணுமா? ஒரு பேச்சுமில்லாம இருக்கியே."

"எங்க ஊர்லயும் இதே வழக்கந்தான். ஒங்களுக்கு ஞாபகமிருக்கா?"

இருந்தது. கல்யாணத்தன்று சேக்காளி ஒருவன், "ஏலே மீரான், தப்பிச்சலே. கீழக்கரையில போயி வீட்டோட மாப்பிள்ளையாக் கெடந்திருப்ப" என்று கேலி செய்தது ஞாபகமிருந்தது. அவரும் சேர்ந்து சிரித்திருந்தார். ஏன் தப்பித்தோம் என்று கேட்டுக்கொண்டதில்லை.

"மூத்த அக்காவுக்கு வாப்பா வீடு குடுத்தாக. அடுத்தவளுக்கு அதுலயே பாதியத் தடுத்துக் குடுத்தாக. எனக்குக் குடுக்க ஒண்ணுமில்ல. அதான் வெளியூர்ல மாப்பிள்ள பாத்தாக. தெருவுல என்கூடப் படிச்ச ஒருத்தியும் வீட்ட விட்டுப் போகல. நான் ஒருத்திதான் பெட்டியத் தூக்கிட்டு கார்ல ஏறுனேன். அன்னைக்கு எங்க உம்மா தாங்குவாகளான்னு ஒங்க வீட்ல யாராச்சும் கேட்டீகளா?"

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"நீ ஒரு நாளும் சொல்லலையே."

"கேட்டாத்தான சொல்ல."

 படகுகளில் ஒன்று கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டதால் அது ஓசையில்லாமல் வந்தது.

"அப்ப ஒனக்குச் சம்மதமா?"

"எனக்கும் கஷ்டந்தான். அவன் சத்தமில்லாம அந்த வீடு எப்பிடி இருக்கப் போகுதுன்னு நெனச்சா எனக்கும் பகீர்னுதான் இருக்கு. ஆனா நான் தாங்குவேன். தாங்கிப் பழகுனவதான்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. அத என் பேர்ல சொல்லாதீக. ஒங்களால தாங்க முடியலன்னா, என்னால முடியலன்னு சொல்லுங்க."

அவள் முன்னால் நடந்தாள். அவர் அவளுடைய ஈரக் காலடிகளைப் பார்த்தபடி பின்னால் போனார். 

மதியம் கூடத்தில் பாய் விரித்திருந்தது. அந்த ஊர் வழக்கப்படி பெரிய சஹன் தட்டில் சோறும், விருந்துக்கென்று சமைக்கும் களறிக் கறியும் வந்தன. ஆண்கள் இருவரும் அந்த ஒரே தட்டில் எதிரெதிரே உட்கார்ந்து கை வைத்தார்கள். பெண்கள் உள்ளே, திரைக்கு அப்பால் இருந்தார்கள். வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

நிஜாம் நல்ல கறித்துண்டுகளாகப் பார்த்து அவர் பக்கம் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். எதையும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது மீரான் மைதீனுக்கு இன்னும் பாரமாக இருந்தது.

சபுரா இங்கே இல்லை. இப்போதும் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடலாம். நிஜாம் தலையசைத்து, வருத்தமில்லை என்பார். சாயங்காலம் ஊருக்குப் போய்விடலாம். சபுரா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்க மாட்டாள், மற்ற எதையும் கேட்காமல் இருந்ததைப்போலவே. அவர் வாயைத் திறந்தார். "பையனோட" என்று தொடங்கியது குரல். அங்கேயே நின்றது.

நிஜாம் கையைத் தட்டிலிருந்து எடுக்காமல் காத்திருந்தார். உள்ளே வளையல் சத்தம் நின்றிருந்தது.

தான் தாங்கமாட்டேன் என்று சொல்லிப் பார்க்க நினைத்தார். அதுதான் உண்மை. ஆனால் அந்த உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டுமென்றால், ஒருத்தியைக் காரில் ஏற்றிக் கொண்டுபோனவன் நான், என் மகனை மட்டும் விட மாட்டேன் என்றுதான் முடிக்க வேண்டியிருக்கும்.

"எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். "மறைக்க என்ன இருக்கு. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. வேணாம்னு சொல்லத்தான் வந்தேன்."

"சரி" என்றார் நிஜாம், மெதுவாக.

"வரட்டும். அவன் இங்கனயே இருக்கட்டும்."

அதன்பிறகு அவரால் சாப்பிட முடியவில்லை. கை சோற்றிலேயே இருந்தது. நிஜாமும் சாப்பிடவில்லை. திரைக்கு அப்பால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். முஹ்சினாவா, சபுராவா என்று தெரியவில்லை.

நிஜாம்தான் முதலில் பேசினார். "நான் பொறந்த வீடு அடுத்த தெருதான், சம்பந்தி. கூப்பிட்டாக் கேக்கும். நான் இங்க வந்த அன்னைக்கு வாப்பா தெருமுனை வரைக்கும் கூடவே வந்தாங்க. அதுக்கு மேல வரல. திரும்பிப் போறப்ப ஒரு கையால செவத்தப் பிடிச்சுக்கிட்டே போனாங்க." அவர் ஒரு கவளத்தைப் பிசைந்தார். "சாப்பிடுங்க. ஆறிருது."

மூன்று மணி வெயிலில் கிளம்பினார்கள். மஹ்ரீன் கார்வரை வந்து சபுராவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சபுரா அவள் தலையில் கை வைத்து, உதடுகளுக்குள் ஏதோ ஓதினாள்.

சாலையின் இருபுறமும் உப்பு வெள்ளைக் குவியலாகக் கிடந்தது. கண் கூசியது.

"ஒரு நாள் கீழக்கரைக்குப் போயிட்டு வருவமா?" என்றார் மீரான் மைதீன்.

சபுரா உப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கன அக்கா வீடு இருக்கு" என்றாள். "அது அக்கா வீடு." சிறிது தூரம் போன பிறகு, "போகலாம். கடலப் பாத்துட்டு வரலாம்" என்றாள்.

போன் அடித்தது. ரியாஸ். அவர் ஓட்டிக்கொண்டே போனை எடுத்து அவளிடம் நீட்டினார். "நீயே சொல்லிரு."

அவள் வாங்கவில்லை. "சொன்னது நீங்க" என்றாள். "நீங்களே சொல்லுங்க."

அவர் காரை ஓரமாக நிறுத்தினார். எஞ்சினையும் நிறுத்தினார். ஜன்னல் வழியே கொண்டல் உள்ளே வந்தது. போனைக் காதில் வைத்தார்.

"அத்தா?" என்றான் ரியாஸ். பின்னால் வீட்டு மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. "அத்தா, லைன்ல இருக்கீகளா?"

"இருக்கேன்" என்றார். அடுத்த சொல் வர நேரமானது. சபுரா அதுவரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.