அலமாரி மேலிருந்த பை

பிரமிளா வாயைத் திறந்தாலே சரளாவுக்கு வயிறு எரியும். எரியாமல் என்ன செய்யும்? அவள் இந்த ஏரிக்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தே ஆறு வருடம்தான் ஆகிறது. ஈப்போவில் வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. மலாயும் இங்கிலீஷும் தண்ணி பட்ட பாடு. சரளாவோ, கிளேடன் ரப்பர் தோட்டத்தை விற்று, அங்கிருந்தவர்களைப் பத்து காஜா டவுன் பக்கத்து வரிசை வீடுகளில் குடியேற்றிய முதல் நாளிலிருந்தே இங்கே இருப்பவள். ஈயம் தோண்டிய பள்ளம் நிரம்பி ஏரியான அந்தக் கரையில் இருபது வருடமாகக் கங்கோங் கீரையும் மரவள்ளியும் போட்டு, சந்தையில் விற்றுத்தான் மகளைப் படிக்க வைத்தாள்.

அந்தக் கரையில்தான் நான்கு பெரிய கட்டடங்களும் தண்ணீர் விளையாட்டுப் பூங்காவும் வரப்போவதாகப் பலகை நட்டிருந்தார்கள். கட்டடம் ஒவ்வொன்றும் இருபது மாடி. பலகையில் ஏரி பளபளவென்று நீலமாக இருந்தது. சரளாவின் கீரைப் பாத்தி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை பலூனோடு சிரித்துக்கொண்டிருந்தது. கரையைச் சுற்றி வேலி. திருவிழாவுக்குக் கரகம் ஜோடிப்பதும் பதினாறாம் நாள் காரியம் செய்வதும் அந்தக் கரையில்தான் என்பது படம் வரைந்தவனுக்கு எப்படித் தெரியும்?

ஆட்சேபம் உள்ள ஏரிக்கரைக் குடியிருப்பாளர்கள் பாரம் நிரப்பி, ஐசி என்ற அடையாள அட்டையின் நகலோடு மாவட்ட மன்ற அலுவலகத்தில் கொடுக்கலாம் என்று பலகையின் மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் பிரமிளா. அவள் ஏசி அறையில் உட்கார்ந்து பாரங்களை நிரப்பினாள். ஐம்பத்தெட்டு வீடு ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியதும், அடையாள அட்டைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய் நகல் எடுத்ததும் சரளா. இரண்டு வீட்டு நாய்கள் அவள் சேலையைப் பதம் பார்த்தன.

நகல் எடுக்கும்போது கடைக்காரன் சீனி சிரித்துவிட்டான்.

"என்னாக்கா, தோட்டத்த வித்து இருபது வருசமாச்சு, ஐசில எல்லாரும் இன்னும் கிளேடன் தோட்டத்துலயே குடியிருக்கீங்க?"

சரளா பார்த்தாள். உண்மைதான். அவளுடையதும் அப்படித்தான் இருந்தது. முகவரி மாற்றப் போனால் ஒருநாள் கூலி போய்விடும். தேர்தல் வந்தால் ஓட்டைப் பழைய இடத்தில் போட்டுவிட்டு, அப்படியே பழைய கூட்டாளிகளையும் பார்த்துவிட்டு வரலாம். இப்படியே காலம் ஓடிவிட்டது. பிறகு வந்து சேர்ந்த பதினோரு பேர் அட்டையில்தான் ஏரிக்கரை முகவரி. பிரமிளா அதில் ஒருத்தி. டவுனில் வளர்ந்தவளுக்கு இது எங்கே தோன்றப்போகிறது? அவள் எண்ணை மட்டும் பார்த்துப் பாரத்தில் எழுதியிருந்தாள்.

"இங்கதான் இருக்கீங்கன்னு ஆபீஸ்ல கட்டாயம் ஆதாரம் கேப்பான்லா. எதுக்கும் கரண்டு பில்லு வாங்கி வச்சுக்குங்க" என்றான் சீனி.

மறுபடியும் நாற்பத்தேழு வீடு. பில்களை ஒரு துணிப்பையில் போட்டு, பிரமிளாவிடம் கொடுக்கலாமென்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு எடுத்துப் போனாள்.

கூட்டத்தில் குடியிருப்போர் சங்கத் தலைவர் விக்னேஸ்வரன் மைக்கைப் பிடித்தார். "பிரமிளா இல்லன்னா இந்த ஏரிக்கரைக்கு நாதி இல்ல!" என்று சொல்லி, ஜரிகை போட்ட பொன்னாடையை எடுத்து அவள் தோளில் போர்த்தினார். கைதட்டல் ஓயவில்லை. பிறகு சரளாவின் பக்கம் திரும்பினார்.

"சரளாக்கா, கோப்பி ரெடியாலா?"

கோப்பி கலக்கிக் கொடுத்தாள். வந்திருந்த எல்லாருக்கும் கொடுத்தாள். பொறாமை என்றால் சாதாரணப் பொறாமையா? வீட்டுக்கு வந்து பையை அலமாரி மேல் தூக்கி எறிந்தாள். பெரிய படிப்பாளி, அவளே கண்டுபிடிக்கட்டும். கேட்டால் கொடுப்போம்.

பிரமிளா கேட்கவும் செய்தாள். ஆட்சேபங்களை மன்றம் கேட்கும் விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் வீட்டுக்கே வந்து, "எதாச்சும் விட்டுட்டனாக்கா? நீங்கதான எல்லா வீட்டுக்கும் போனீங்க" என்றாள். அலமாரி அவள் தலைக்கு மேல்தான் இருந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள் சரளா.

புதன்கிழமை காலை பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, சரளா பிரமிளாவின் காரில் ஏறினாள். பை அலமாரி மேலேயே இருந்தது.

விசாரணை அறையில் மலாய் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். பிரமிளா ஏரியைப் பற்றியும் கரகத்தைப் பற்றியும் அழகாக எடுத்துச் சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டார். பிறகு கோப்பைத் திறந்தார். ஐம்பத்தெட்டு ஆட்சேபத்தில் நாற்பத்தேழு பேரின் அட்டையில் வேறு முகவரி இருக்கிறது, இவர்கள் ஏரிக்கரையில் வசிப்பதற்கு ஆதாரம் உண்டா, இன்று தராவிட்டால் பதினொன்றை மட்டுமே ஏற்க முடியும் என்றார்.

பிரமிளா தாள்களைப் புரட்டினாள். மறுபடியும் புரட்டினாள். கழுத்து சிவந்துபோனது. பின் வரிசையில் இருந்த சரளாவுக்கு ஐஸ் கச்சாங் சாப்பிட்டதுபோல் உள்ளே குளிர்ந்தது. எங்கே போச்சு உன் பொன்னாடை?

அதிகாரி இன்னொரு தாளை எடுத்தார்.

"இரண்டாவது பேச்சாளர் என்று ஒரு பெயர் இருக்கிறதே. சரளா, தந்தை பெயர் பிச்சைமுத்து. வந்திருக்கிறாரா?"

சரளா எழுந்து நின்றாள். பிரமிளா திரும்பி, கண் கலங்க, மெதுவாகச் சொன்னாள்:

"நாந்தான்க்கா எழுதினேன். வெய்யில்ல நடந்தது நீங்க. நீங்கதான் பேசணும். முன்னாடியே சொன்னா பயந்துக்கிட்டு வரமாட்டீங்கன்னுதான் சொல்லல."

உள்ளே இருந்த குளிர்ச்சி எங்கே போனதென்று தெரியவில்லை. சரளாவின் கை தானாகத் தோளைத் தடவிப் பார்த்தது. பை இல்லை.

"ஆதாரம் ஏதாவது இருக்கிறதா, அம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

வீட்டில் இருக்கிறது என்று சொல்லலாம். சொன்னால், ஏன் வீட்டில் இருக்கிறது என்ற கேள்வி வரும். அத்தனை பேர் முன்னால் அதற்கு என்ன பதில் சொல்வது?

"தக் அடா, துவான்" என்றாள். இல்லை, ஐயா.

அதிகாரி பதினொன்று என்று எழுதி வட்டம் போட்டார். அடுத்த குழுவைக் கூப்பிட்டார்கள்.

திரும்பி வரும்போது பிரமிளா அழுதுகொண்டே கார் ஓட்டினாள். "என் தப்புதான்க்கா. ஐசில நம்பர மட்டும் பாத்தேன். பழைய தோட்டத்து அட்ரஸ் இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"என்னாக்கா?"

"எனக்குத் தெரியும். நாப்பத்தேழு வீட்டுக் கரண்டு பில்லும் என் வீட்டு அலமாரி மேல இருக்கு."

பிரமிளா காரை ஓரம் கட்டினாள். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது.

"ஏங்க்கா?"

மூன்று வாரமாக மனசுக்குள் எத்தனையோ நியாயம் அடுக்கி வைத்திருந்தாள் சரளா. வாயில் வந்தது ஒன்றுதான்.

"ஒனக்குப் பொன்னாடை போட்டாங்க. எங்கிட்ட கோப்பி கேட்டாங்க."

சொல்லி முடித்ததும்தான் அது எவ்வளவு சின்னது என்று அவள் காதிலேயே விழுந்தது. பிரமிளா திட்டியிருந்தால் தேவலை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை எடுத்தாள். ஏரிக்கரைத் திருப்பத்தில் அந்தப் பலகை தெரிந்தது. அதன் அடியில், காலையில் தண்ணீர் ஊற்றிய கங்கோங் பாத்தி இன்னும் காயாமல் இருந்தது.