முள்ளுக்கு இந்தப் பக்கம்

ஜோதிகா செத்த பிறகு காலிதாவின் வலது கை அவளுக்குச் சொந்தமாக இல்லை. குழந்தைக்கு ஊசி போடும்போதும், மீன் கழுவும்போதும், தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யும்போதும் யாரோ மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பார்கள். திரும்பினால் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

காலிதா கடலோரத்து ஊரில் நர்ஸ். அடுத்திருந்த வயக்காட்டு ஊரும் அவள் பொறுப்புதான். கபடிப் போட்டியில் இரண்டு ஊர் இளவட்டங்களும் அடித்துக்கொண்டதில், வயக்காட்டு ஊர்ப் பெரியவர் உக்கிரபாண்டி நடுப்பாதையில் கல்லுக்கால் ஊன்றிக் கருவேல முள்ளை அடைத்தார். நிறைமாதத்தில் அவருடைய தங்கச்சி மகள் ஜோதிகாவுக்கே உதிரம் கொட்டியது. காலிதாவின் சுகாதார நிலையத்துக்கு அவளைக் கொண்டுவந்த ஆட்டோ முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. இந்தப் பக்கத்திலிருந்து காலிதா முள்ளுக்குள் கையை விட்டு அவள் கையைப் பிடித்தாள். ஆண்கள் முள்ளை இழுத்து முடிப்பதற்குள் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் கழிந்ததும் முள் மறுபடி ஏறியது. நர்ஸ் தாமதமாக வந்ததால்தான் ஜோதிகா செத்தாள் என்று வயக்காட்டு ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. உச்சி வேளையில் அங்கே முனகல் கேட்கிறது என்று ஆடு மேய்ப்பவர்களும் அந்தப் பக்கம் போவதை விட்டார்கள். போகிறவள் ஜோதிகாவின் அம்மா சண்முகவள்ளி மட்டும்தான். தினமும் வந்து முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். காலிதா ஜன்னல் வழியே பார்ப்பாள். கூப்பிடத் துணிவு வந்ததில்லை.

அப்படி ஒரு மதியம்தான் கடலோரத்து சுஹாவுக்கு வலிப்பு வந்தது. எட்டு மாதக் கர்ப்பம். ராமநாதபுரத்திலிருந்து வந்த ஆம்புலன்ஸ் முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றது. உப்பளம் வழியாகச் சுற்றி வர வெகு நேரமாகும்.

“வெள்ளிக்கிழம பேச்சுவார்த்தை இருக்கும்மா. நாம முள்ளுல கை வச்சா கலவரமாயிரும்” என்றார் ஜமாத் தலைவர் இஃப்திகார்.

“வெள்ளிக்கிழம வரைக்கும் சுஹாவப் பொறுத்துக்கிறச் சொல்றீகளா மாமா?”

பதிலுக்கு நிற்காமல், தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு சுஹாவைக் கட்டிலோடு தூக்கி வந்தாள். முள்ளை நெருங்கியதும் கை மரத்தது. முனகல் அவளுக்கும் கேட்டது. கட்டிலில் இருந்தா, முள்ளுக்குள் இருந்தா என்று தெரியவில்லை.

“சண்முகவள்ளிக்கா! இங்கன ஒரு பிள்ள உசுரு போயிட்டிருக்கு. வழி விடுங்கக்கா!”

சண்முகவள்ளி எழுந்து வந்தாள். கட்டிலைப் பார்க்கவில்லை. “எம்புள்ள கடைசியா என்ன சொன்னா? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல.”

காலிதா முள்ளை ஒட்டி வந்து நின்றாள். “அம்மா வந்துருச்சான்னு கேட்டுச்சுக்கா.”

சண்முகவள்ளி ஓடினாள். வரும்போது கையில் அரிவாள் இருந்தது, பின்னால் அவள் தெருப் பெண்கள். இரண்டு பக்கமும் முள் விழத் தொடங்கியது. உக்கிரபாண்டி வேட்டியை மடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“தங்கச்சி, இத வெட்டுனா நம்ம ஊரு தோத்ததாயிரும்!”

“நான் எப்பவோ தோத்துட்டேண்ணே. தள்ளு.”

அவர் தள்ளி நின்றார். கட்டில் கடந்துபோனது. ஆம்புலன்ஸில் ஏறிய காலிதாவின் கை முழுக்க முள் கீறியிருந்தது. அந்த வலி அவளுடைய சொந்த வலியாக இருந்தது.

சுஹா பிழைத்தாள். குழந்தையும் பிழைத்தது. அதன்பின் இரண்டு ஊர்ப் பெண்களும் அந்தப் பாதையிலேயே கூடி, சண்டை எதுவானாலும் வழியை மறிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். ஆண்களை அழைத்து அதைச் சொன்னவள் சண்முகவள்ளி.

மிச்சமிருந்த கல்லுக்கால்களை உக்கிரபாண்டியே தனியாகத் தோண்டி எடுத்தார். வெயிலில் கை தோலுரிய, அழுதுகொண்டே தோண்டினார். காலிதா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். சண்முகவள்ளி அதை வாங்கிக்கொண்டு அண்ணனையே பார்த்தபடி நின்றாள். பிறகு அவருக்கு எட்டும் தூரத்தில் செம்பைத் தரையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.