கோப்பைக்கு ஒரு தட்டு

காலையில் எழுந்தான். பல் துலக்கினான். டீ போட்டான், மாமியாருக்குச் சர்க்கரை இல்லாமல், தனக்குச் சர்க்கரையோடு. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தான். நின்றுகொண்டே குடித்தான். உட்காரப் பிடிக்கவில்லை.

கல்லூரிக் கணிதத்துறையில் அவனுக்கும் மனைவிக்கும் ஒரே வேலை: எதை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று எண்ணுவது. கடைசியாக எடுத்தது இரண்டு வகை அடுக்குகள். இரண்டின் எண்ணிக்கையும் எப்போதும் சமமாகவே வந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை. கோப்பையும் தட்டும் சமம் என்று காட்ட எண்ணவே வேண்டாம். கோப்பைக்கு ஒரு தட்டு வைத்து, மிச்சமில்லாமல் முடித்தால் போதும். அப்படி ஜோடி சேர்க்கும் வழி அவளுக்குத்தான் பிடிபட ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன், "கிட்டத்தட்ட வந்துடுச்சு" என்றாள்.

அந்தக் 'கிட்டத்தட்ட'வை அவன் இன்னும் துரத்திக்கொண்டிருந்தான். பஸ்ஸில், குளியலறையில், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எதிரில். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு கோப்பைக்கு இரண்டு தட்டு வந்து நின்றது.

வாசல் மணி அடித்தது. துறைத்தலைவர். அவள் நினைவு மலர் இன்று அச்சுக்குப் போகிறது.

"முடிச்சுட்டேன்னு அவங்க உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், தம்பி. தேற்றம்னு போட்டு அவங்க பேரையே வெச்சுடலாம். விவரம் பின்னால வரட்டும். இல்லைன்னா இன்னும் தீராத கேள்வின்னுதான் போடணும்."

"கேள்வின்னா, நாளைக்கு எவனாவது தீர்ப்பான். பேரு அவனுக்கு."

"அதுக்குத்தானே ஓடி வந்தேன்."

மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சொன்னாள்னு சொல்லிடுங்க மாப்பிள்ளை. அவளுக்குச் சமைக்கத் தெரியும்னு கல்யாணத்துக்கு முன்னாடி நான் வாய் கூசாம சொல்லலையா? கோர்ட்டுக்கா போனீங்க?"

தலைவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அவன் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தான்.

"எப்படியும் அது சரியாத்தானே இருக்கும்?" என்றார் தலைவர்.

"இருக்கும் சார். 'இருக்கும்'னு நான் எழுதினப்பல்லாம் அவ கோடு போட்டு அடிச்சிருக்கா. கேள்வின்னே போடுங்க."

தலைவர் பேனாவை மூடினார். மாமியார் வெளியே வந்து நின்றாள். இத்தனை நாளும் கேட்காததைக் கேட்டாள்.

"அப்போ கடைசியா என்னதான் சொன்னா?"

அவன் நடப்பதை நிறுத்தினான்.

"நாற்காலியை இழுக்காதேப்பா, தூக்கி வை. பக்கத்துக் கட்டில் அம்மா இப்பத்தான் கண்ணசந்தாங்க."