தண்ணீர் வந்தால் போட்டி இல்லை

எங்கள் ஊர்ப் படகுப் போட்டிக்கு ஒரே எதிரி தண்ணீர்தான். ஆற்றில் தண்ணீர் ஓடினால் போட்டி ரத்து. பாலைவனத்து நடுவில் இருக்கும் எங்கள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள். டாட் ஆறு பெரும்பாலும் வெறும் மணல். படகுகளுக்கு அடிப்பலகை கிடையாது. குழாய்ச் சட்டத்தைச் சுற்றி வர்ணம் பூசிய துணி, அவ்வளவுதான். நாலு பேர் உள்ளே நின்று, படகை இடுப்புயரத்துக்குத் தூக்கிக்கொண்டு மணலில் ஓடி, தூரத்தில் பாதி புதைத்து நிறுத்தியிருக்கும் பீப்பாயைச் சுற்றித் திரும்ப வேண்டும். இதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். நான் ஒட்டகச் சவாரிக்கு டிக்கெட் கிழிப்பவள். ஆற்றுக்குள் நின்றுகொண்டே "ஆறு எங்கே?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

என் புருஷன் மெர்வ் இருபத்திரண்டு வருடமாக 'காய்ந்த வாத்து' படகின் கேப்டன். மற்ற நாளெல்லாம் சுற்றுலா பஸ் ஓட்டுவான். இந்த வருடம் அவன் இடது தொடை எலும்பில் புற்றுநோய்க் கட்டி என்றார்கள். போட்டி சனிக்கிழமை. அடுத்த செவ்வாய் அடிலெய்ட் ஆஸ்பத்திரியில் அந்தக் கால் முழுவதையும் எடுத்துவிடுவதாக நாள் குறித்தார்கள். அதுவரை ஓடவே கூடாது, விழுந்தால் எலும்பு நொறுங்கிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். மெர்வ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு காலோடு கடைசியாக ஒரு ஓட்டம், வேறென்ன கேட்டேன் என்றான்.

கத்திப் பார்த்தேன். பேசாமல் இருந்து பார்த்தேன். அவன் ஷூவை ஒளித்தும் வைத்தேன். மனுஷன் மசியவில்லை. சர்ச் பக்கமே எட்டிப் பார்க்காத நான், கடைசியில் ஒட்டகக் கொட்டடியில் நின்று மழை கேட்டேன். அதுவும் சொட்டு மழைகூட விழாத ஆகஸ்ட் குளிரில்.

வியாழக்கிழமை வடக்கு மலையில் கொட்டித் தீர்த்தது. வெள்ளி மதியம் ஆறு நுரையும் குப்பையுமாக வந்து இறங்கியது. போட்டி ரத்து என்று ரேடியோவில் சொன்னார்கள். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்த மெர்வ் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. சாப்பிட வைத்ததையும் தொடவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, பாவி எனக்கு. அவன் முகத்தைப் பார்க்கவே கூசியது.

சனிக்கிழமை காலை வெள்ளம் முழங்காலுக்குக் கீழே வடிந்திருந்தது. போட்டி இல்லாவிட்டால் என்ன, ஆறு ஓடுவதைப் பார்க்கக் கரையெல்லாம் கூட்டம். மெர்வை வலுக்கட்டாயமாக இழுத்துப்போனேன். மெர்வ் அணியின் பின்வரிசைக்காரன் லயனல் 'காய்ந்த வாத்தை' லாரியில் ஏற்றி வந்திருந்தான். அவன் இந்த மண்ணின் பூர்வகுடி, அர்ரெண்டே ஆள். ஆற்றுக்கு வெள்ளைக்காரர்கள் நாங்கள் வைத்த பேரைக் கேட்டால் இன்னும் மூக்கைச் சுளிப்பான். தண்ணீரும் இருக்கிறது, படகும் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று அவனும் இன்னும் இரண்டு பேரும் படகைத் தள்ளிக்கொண்டு போய் ஆற்றில் இறக்கினார்கள். லயனல் ஜம்பமாக ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்தது நேராக ஆற்று மணலில். இத்தனை வருடம் தூக்கி ஓடியும், படகுக்கு அடி இல்லை என்பது அந்த நேரத்தில் ஒருத்தனுக்கும் ஞாபகம் வரவில்லை.

கரையே சிரித்தது. மெர்வும் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஷூவைக் கழற்றினான்.

நான் தடுக்கவில்லை. ஓடத்தானே கூடாது என்றார்கள். அவன் படகுக்குள் முன்னால் போய் நின்றான். இத்தனை வருடம் கரையில் நின்று திட்டியே பழகிய நான், முதல் தடவையாக அந்தப் படகுக்குள் இறங்கி அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். லயனல் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டான். மற்ற இரண்டு பேரும் இரு பக்கமும் வெளியே நின்று தாங்கினார்கள். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. ஒவ்வொரு அடியாக வைத்து, ரொம்ப நேரம் கழித்து, பீப்பாய்க்குப் போய்ச் சேர்ந்தோம்.

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"மெர்வ், மழை நான் கேட்டது. நீ ஓடக் கூடாதுன்னு கேட்டேன்."

அவன் பீப்பாய்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"நீ மட்டுமா கேட்ட?"

எனக்குப் புரியவில்லை.

"புதன்கிழமை பஸ் ஷெட்ல ஓடிப் பாத்தேன், க்ளெனிஸ். பத்தடிகூட முடியல. பஸ்ஸப் புடிச்சுத்தான் நின்னேன். அத்தன பேர் முன்னாடி விழுந்துருவேனோன்னு பயம். சொல்ல வாய் வரல. மழ வந்தாத் தேவலன்னு நெனச்சேன். வந்துருச்சு. நேத்தெல்லாம் அதான், என்னால ஊருக்கே போட்டி இல்லாமப் போச்சேன்னு..."

முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். பிறகு அந்த முதுகிலேயே முகத்தை வைத்து அழுதேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் தனித்தனியாகப் பயந்து செத்திருக்கிறோம். லயனல் காது கேட்காதவன்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குளிருகிறது, திரும்பலாம் என்றேன். மெர்வ் அசையவில்லை. தண்ணீருக்குள் தன் இடது காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இரு. இருவத்திரெண்டு வருஷமா இந்த ஆத்துல இத ஓட ஓட வெரட்டியிருக்கேன்," என்றான். "கொஞ்ச நேரம் சும்மா நிக்கட்டும்."

நின்றோம்.